தண்ணீரைப் பழுப்பாக்கிய இரத்தினசிங்கம்

வெள்ளவத்தையில் இரத்தினசிங்கத்தைத் தெரியாத சமையலறை குறைவு. ஆளைத் தெரியாவிட்டாலும், அவர் குழாயடியில் பூட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டியைத் தெரியும். தண்ணீர் பில்டர் விற்பது அவர் தொழில். அதற்கு முன் ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தார். களஞ்சியம் கைமாறியபோது புது முதலாளி பழைய கதிரைகளை வைத்துக்கொண்டு பழைய ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பில்டர் தொடக்கத்தில் விலைபோகவில்லை. வாங்க வேண்டியவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணறுகளில் குடித்து வளர்ந்தவர்கள். அங்கே கேத்திலின் அடியில் படியும் வெள்ளைக் கல்லைச் சுரண்டக் கத்தி வேண்டும். சவர்க்காரம் நுரைக்க அரை நாள் ஆகும். கொழும்புக் குழாயில் வருவதோ ஆற்றுத் தண்ணீர். போட்ட சவர்க்காரத்தைக் கழுவித் தொலைப்பதுதான் இங்கே கஷ்டம். "உந்தத் தண்ணியில என்ன கல்லுக் கிடக்கு? நீர் எங்கட கிணத்தைப் பாத்தனீரோ?" என்று கேட்டு, அதே குழாய்த் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவரும் குடித்துவிட்டு வருவார். அவரும் அந்தப் பக்கத்து மனிதர்தான், அவர்கள் சொல்வது சரியென்று அவருக்குத் தெரியும்.

பிறகு கம்பனி ஒரு சோதனைப் பெட்டி கொடுத்தது. கைக்கடக்கமான பெட்டி, அடியில் இரும்புக் கம்பிகள். ஒரு கிளாஸில் வீட்டுக்காரரின் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் பில்டர் தண்ணீர். கம்பிகளை இரண்டிலும் இறக்கிக் கறண்டைக் கொடுத்தால் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே ஆடை கட்டிவிடும். பில்டர் தண்ணீர் அசையாமல் நிற்கும். இரத்தினசிங்கம் ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசவேண்டிய தேவையே இருக்காது. வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, உதையே பிள்ளையளுக்குக் குடுத்தனான்!" என்பாள்.

அடிக்கடி கம்பிகள் தேய்ந்து மெலியும். கம்பனி புதுக் கம்பி கொடுக்கும். தேய்ந்த இரும்பு எங்கே போகிறது என்று இரத்தினசிங்கம் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்கு விளங்கிவிட்டது. அவருடைய சொந்த வீட்டில் பில்டர் பூட்டவில்லை.

இப்படி அவர் விற்ற வீடுகளில் ஒன்று கொட்டாஞ்சேனையில் இருந்தது. புதுக்கடை நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற சிவபாதசுந்தரத்தின் வீடு. அவர் மனைவி சிவக்கொழுந்து தன் வீட்டுத் தண்ணீர் பழுப்பானதைப் பார்த்துக் கண்கலங்கிப் போனார். அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் பில்டர் தண்ணீர் நிரப்பிய சொந்தப் போத்தல்தான். கலியாண வீட்டிலும் அதுதான், கோயில் அன்னதானத்திலும் அதுதான். அயலட்டையில் பலரை வாங்கவும் வைத்தார். நன்றிக்கு இரத்தினசிங்கம் ஒரு சோதனைப் பெட்டியை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். இரத்தினசிங்கம் வாழ்க்கையில் செய்த பெரிய மடைத்தனம் அதுவாகத்தான் இருக்கும்.

சிவக்கொழுந்து அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். தெகிவளையில் அவருடைய தமக்கை பாக்கியலெட்சுமி வீட்டில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் நடந்தபோது, வந்தவர்கள் முன்னிலையில் தண்ணீரைச் சோதித்துக் காட்டினார். "என்ர வீட்டுத் தண்ணி உனக்கு நஞ்சோ?" என்று தமக்கை கேட்டார். அதன் பிறகு அக்காவும் தங்கையும் கதைப்பதில்லை.

இந்தச் சிவக்கொழுந்தின் மகனைத்தான் இரத்தினசிங்கத்தின் மகள் துஷ்யந்தி விரும்பினாள். இருவருக்கும் ஒரே வங்கியில் வேலை. சாதகமும் பொருந்திவிட்டது. மிச்சமிருந்தது மாப்பிள்ளையின் தாய் தகப்பன் வந்து வீட்டைப் பார்ப்பது மட்டுமே. துஷ்யந்தி இரண்டு வருடமாகக் காத்திருந்த நாள் அது.

வீட்டில் பில்டர் இல்லை என்று தெரிந்தால் சிவக்கொழுந்து வாசற்படியும் மிதிக்கமாட்டார். இரத்தினசிங்கம் கம்பனியில் காட்சிக்கு வைத்திருந்த ஒரு பில்டரைக் கேட்டு வாங்கி முதல்நாள் பூட்டினார். மனைவி அருந்ததி அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் குடிச்ச தண்ணிக்கு இண்டைக்கு என்ன வந்தது?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் அவர்கள் இருந்த மாடிக்கட்டடத்தின் தண்ணீர் மோட்டர் பழுதாகிவிட்டது. "அத வத்துர நே, நோனா," என்று காவலாளி ஒஸ்வால்ட் மேலே வந்து, இன்றைக்குத் தண்ணீர் இல்லை என்பதைச் சிங்களத்தில் சொன்னான். அப்போது இரத்தினசிங்கம் வடை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். பில்டரில் ஒரு சொட்டும் இல்லை. கீழேயுள்ள குழாயில் ஒஸ்வால்ட் ஒரு வாளி பிடித்துக் கொண்டுவந்து வைத்தான். அருந்ததி கணவனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதன் வந்தவர்கள் முன்னால் நடுங்குவார் என்று அவளுக்குத் தெரியும்.

வந்தவர்கள் கதிரையில் இருந்தார்கள். முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும், அது மரியாதை. அருந்ததி கிளாஸை நீட்டினாள்.

"பில்டர் தண்ணிதானே, தம்பி?" என்றார் சிவக்கொழுந்து.

"ஓம் அக்கா, பின்ன?" என்றார் இரத்தினசிங்கம்.

"குறை நினையாதேங்கோ. உங்களில ஐமிச்சமில்லை. எனக்குப் பழக்கமாப் போச்சு." கைப்பை திறந்தது. பெட்டி வெளியே வந்தது. சுவரிலிருந்த பிளக்கைச் சிவக்கொழுந்து தானே கண்டுபிடித்தார்.

தண்ணீர் மஞ்சளானது. பழுப்பானது. ஆடை கட்டியது. இரத்தினசிங்கம் எத்தனையோ வீடுகளில் பார்த்த காட்சி, ஆனால் கதிரையின் இந்தப் பக்கத்தில் இருந்து பார்ப்பது இதுவே முதல் தடவை.

"மோட்டர் பழுது. அது வாளித் தண்ணி," என்றாள் அருந்ததி மெல்ல.

"பில்டர் விக்கிற மனுசன்ர வீட்டிலயே இதெண்டா, என்ர பிள்ளை இஞ்ச வந்து என்னத்தைக் குடிப்பான்? நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்," என்று சிவக்கொழுந்து எழுந்தார்.

சமையலறை வாசலில் துஷ்யந்தி தேத்தண்ணித் தட்டுடன் நின்றாள். இரத்தினசிங்கம் மகளின் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"அக்கா, கொஞ்சம் இருங்கோ. உங்கட போத்தலைத் தாங்கோ."

சிவக்கொழுந்தின் சொந்தப் போத்தல் தண்ணீரை ஒரு புதுக் கிளாஸில் ஊற்றிக் கம்பிகளை இறக்கினார். தண்ணீர் அசையவில்லை. "பாத்தியளே," என்றார் சிவக்கொழுந்து.

"பிள்ளை, கொஞ்சம் உப்புக் கொண்டா."

துஷ்யந்தி கொண்டுவந்தாள். அவர் ஒரு சிட்டிகை போட்டார். கிளாஸிலிருந்த தண்ணீர் வாளித் தண்ணீரைவிட மோசமாகப் பழுப்பானது.

"அது தண்ணியின்ர ஊத்தை இல்லை அக்கா, இரும்புக் கம்பியின்ர கறள். தண்ணியில கொஞ்சம் உப்பிருந்தாக் கறண்டு ஓடும், இரும்பு கரையும். பில்டர் உப்பையெல்லாம் எடுத்திடும், அதாலதான் ஒண்டும் நடக்கிறேல்ல. உங்கட வீட்டுத் தண்ணியில ஒரு பிழையும் இருக்கேல்ல. நான் தெரிஞ்சுகொண்டுதான் காட்டினனான்."

சிவபாதசுந்தரம் புதுக்கடையில் எத்தனையோ குற்ற ஒப்புதல்களைக் கேட்டவர். இதையும் அதே முகத்தோடு கேட்டு, ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

சிவக்கொழுந்து இரண்டு கிளாஸ்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அக்கா வீட்டில..." என்று தொடங்கினார், முடிக்கவில்லை. பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். கணவர் பாதி வடையுடன் பின்னால் போனார்.

"இனி ஆர் உங்களட்ட வாங்குவினம்?" என்றாள் அருந்ததி. துஷ்யந்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரத்தினசிங்கத்துக்குத் தொழிலைப் பற்றி ஒரு கவலையும் வரவில்லை. மகளின் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று வெட்கத்தில் குறுகிப்போய் இருந்தார்.

மறுநாள் சிவபாதசுந்தரம் போன் எடுத்தார்.

"நேத்து மனுசி உங்கட வீட்டிலயிருந்து நேர தெகிவளைக்குத்தான் போனவ. தமக்கையின்ர வாசல்ல நிண்டு தண்ணி கேட்டவ. தமக்கை ஒரு கதையும் இல்லாமல் ஒரு செம்பு குடுத்தா. குடிச்சு முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு ரெண்டு பேரும் அழுத அழுகையில எனக்குச் சாப்பாடு கிடைக்கேல்ல." பிறகு சொன்னார்: "உங்களை வரச் சொல்லுறா. ஸ்பானரையும் கொண்டு வாங்கோ, பில்டரைக் கழட்ட வேணுமாம்." கலியாணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரத்தினசிங்கம் கேட்கத் துணியவில்லை.

கொட்டாஞ்சேனைச் சமையலறையில் அவர் வெள்ளைப் பெட்டியைக் கழற்றினார். சிவக்கொழுந்து பக்கத்தில் நின்றார். கழற்றி முடிந்ததும் குழாயைத் திறந்து ஒரு கிளாஸை நிரப்பி அவரிடம் நீட்டினார்.

"குடியுங்கோ."

இரத்தினசிங்கம் குடித்தார். குளோரின் மணம் கொஞ்சம் இருந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் சிவக்கொழுந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கிளாஸை வாங்கி மறுபடியும் குழாயடியில் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் குடியுங்கோ, சம்பந்தி," என்றார்.