பிரிக்காத சாரம்

பள்ளி திறந்த முதல் திங்கட்கிழமையன்று சரண்யாதேவி ஊரைவிட்டுப் போனாள். அவள் அப்பா சோணைமுத்துவுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருந்தது. மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். நூலகத்துக்குள் ரூத் மிஸ், அன்று காலை இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்த ஒரு கதைக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார். போகிற பிள்ளைக்குப் பரிசு.

"மொதப் பக்கம் மட்டும் வாசிச்சுக் காட்டிட்டுப் போ தாயி."

எட்டாம் வகுப்பு முடித்த பெண். படத்தைப் பார்த்தாள், தொண்டையைச் செருமினாள், சரளமாகத் தொடங்கினாள். படகுக்காரர் மீன் பிடிக்கப் போனார், புயல் வந்தது. ரூத் மிஸ் நிறுத்துகிற மாதிரி நிறுத்தினாள்; அவர் இழுக்கிற மாதிரியே இழுத்தாள். தாளில் இருந்ததோ படகுக்கு வண்ணம் பூசுகிறவரின் கதை. மீனும் இல்லை, புயலும் இல்லை.

வெளியே ஹாரன் அடித்தது.

"நல்லா வாசிச்சேனா மிஸ்?"

"நல்லா வாசிச்ச" என்றார் ரூத்.

திருநகரில் ரூத் அக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. பல ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கும் என்னைத் தன் நூலகத்துக்கு இழுத்துப்போய் உட்காரவைப்பார். "காலுல சக்கரம் கட்டுனவளே, ஒரு அரை மணி நேரம் ஒரு எடத்துல இரு." அலமாரிப் புத்தகங்களைவிட அவர் மேஜையிலிருக்கும் தாள்கள் அதிகம். யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, பகிரலாம் என்று இலவசமாக விடப்பட்ட கதைகளையும் பாடங்களையும் தேடி இறக்குவார். பனிமனிதன் களிமண் பொம்மையாவான், ஆப்பிள் கொய்யாவாகும், ரயில் திருப்பரங்குன்றத்தில் நிற்கும். எழுதியவர் பெயரை மட்டும் தொடமாட்டார். "அவுக பெத்த பிள்ளை. நாம சட்டைய மாத்துறோம், அம்புட்டுத்தான்."

கணக்கு வாத்தியார் ஆரோக்கியநாதன் கிண்டல் செய்வார்: "மிஸ், இங்கிலீஷ்காரன் கதைக்கும் சுங்குடிச் சேலை கட்டிவிட்டீங்களா?"

"கட்டுனாத்தான் பிள்ளைக கிட்ட வருதுக சார்."

பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கு. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோலத் துணை கொடு. நிற்கத் தொடங்கியதும் சாரத்தைப் பிரித்துவிடு. இணைய வகுப்பொன்றில் அவர் படித்த பாடம் இது. சரண்யாவுக்காக அவள் ஆடு, அவள் கண்மாய், அவள் தம்பி என்று கதை கதையாக மாற்றிக் கொடுத்தார். முதலில் தானே வாசித்துக் காட்டுவார். மறுநாள் அவள் ஒப்பிப்பாள். எல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்த கதை. எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை.

"சாரம் கட்டுனேன், கட்டுனேன், கட்டிக்கிட்டே இருந்தேன். உள்ள செவரு எழும்புச்சான்னு எட்டிப் பாக்கல" என்று ஒருநாள் சொன்னார். "அன்னைக்காச்சும் அவ அப்பாட்ட ஓடிப்போய், இவளுக்கு எழுத்து வரலன்னு அங்கிட்டுப் பள்ளிக்கூடத்துல சொல்லுங்கன்னு சொல்லியிருக்கலாம். வாயே வரல."

இப்போது ஒவ்வொரு கதையிலும் எதிர்பாராத ஒரு பக்கத்தைச் செருகுகிறார். ஆடு திடீரென்று பல் துலக்கும். குழந்தை அந்த வரியில் தடுக்கினால் அவர் முகம் மலரும். தடுக்காமல் வேறெதையோ சொல்லிக் கடந்துபோனால் அந்தக் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. அவருக்கு இல்லை.

சென்ற மாதம் நான் அங்கே இருந்தபோது அவர் கைபேசிக்கு ஒரு படமும் குரல் செய்தியும் வந்தன. சரண்யாதேவி போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. யாரிடமோ எண் வாங்கியிருக்கிறாள்.

"மிஸ், நான் சரண்யா. பனியன் கம்பெனில இருக்கேன். செவத்துல என்னமோ ஒட்டியிருக்காக, எல்லாரும் பாத்துட்டுப் போறாக. கேக்க வெக்கமா இருக்கு மிஸ். நீங்க வாசிச்சுச் சொல்லுங்க, முன்ன மாதிரி."

ஷிப்ட் நேரம் மாறுகிறது என்ற அறிவிப்பு அது. ரூத் அக்கா முழுவதையும் நிதானமாக வாசித்து அனுப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மறுபடியும் பொத்தானை அழுத்தினார்.

"தாயி, இப்ப படத்தப் பாரு. ரெண்டாவது வரி. மொத எழுத்து என்னா? நீ சொல்லு."

பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் கதவருகே குவிந்தார்கள். ரூத் அக்கா அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கண் மட்டும் கைபேசியை விட்டு நகரவில்லை.