பூங்காவனத்துக்குத் தொண்ணூற்றெட்டு மார்க்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கைதட்டி, பரிசு கொடுத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு செய்த முட்டாள்தனம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இடம், கல்வராயன் மலையில் ஒரு சிற்றூர். கொரோனாவால் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தின் வராந்தா. ஆறு பெண்கள், நான்கு டேப்லெட். வாரம் ஒருமுறை திருக்கோவிலூரிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் நான் நடத்தும் எழுத்தறிவு வகுப்பு அது. முப்பது வருஷம் கணக்கு டீச்சராகக் குப்பை கொட்டியவள், ரிட்டையர் ஆனதும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பேனா?

வகுப்பு நடத்தலாம். பரீட்சை வைப்பதுதான் பாடு. கேள்வித்தாளைக் கண்டாலே இந்தப் பெண்களுக்குக் கை வியர்த்துவிடும். காட்டுக்குள் தனியாகப் போய்க் கடுக்காய் பொறுக்கி வருகிறவர்கள், ஒரு வெள்ளைத் தாளுக்குப் பயப்படுகிறார்கள். அதனால் பரீட்சைக்குப் பதில் ஒரு கேம் செய்தோம்.

'செய்தோம்' என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, செய்தது ஜெனிபர். என் பழைய மாணவி. அவள் அப்பா மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். பெங்களூர் கம்பெனி வேலையை இப்போது அவள் வீட்டிலிருந்தே செய்கிறாள். டேப்லெட்டுக்குள் முழுசாக ஒரு அரசு அலுவலகத்தையே கட்டிக் கொடுத்துவிட்டாள். உள்ளே போக ஒரு கதவு, போர்டுகள், கவுண்டர், கண்ணாடி போட்ட கிளார்க், சுழலாத ஃபேன். நீங்கள் உள்ளே நடந்து போய், போர்டைப் படித்து, சரியான வரிசையில் நின்று, படிவத்தை நிரப்பி, கிளார்க் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். திரையில் நான்கு பதில்கள் வரும். படித்து, ஒன்றைத் தொட வேண்டும். வெளியே வந்ததும் மார்க்.

அன்றைக்கு முதல் மார்க் பூங்காவனம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. நாற்பது வயது இருக்கும், அதிகம் பேச மாட்டார். பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மார்க்கு வந்துச்சி டீச்சர். சர்டிபிகேட்டு எங்க?"

"என்ன சர்டிபிகேட்?"

"இதுக்குள்ள போனது சாதி சர்டிபிகேட்டு வாங்கறதுக்குத்தான? வெறுங்கையோடதான வெளிய வந்திருக்கேன்."

டேப்லெட்டை வாங்கி, அவர் விளையாடியதை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். போர்டு எல்லாம் சரியாகப் படித்திருக்கிறார். படிவத்தில் ஒரு தப்பில்லை. கிளார்க் "அடுத்த வாரம் வாம்மா" என்கிறார். இவர் "சரிங்க ஐயா" என்ற பதிலைத் தொடுகிறார். கிளார்க் மறுபடி "பாக்கலாம்மா" என்கிறார். மறுபடியும் "சரிங்க ஐயா". கதவு திறக்கிறது, வெளியே வந்துவிடுகிறார். பணிவான பதிலுக்கு இருபது மார்க் போடச் சொல்லி ஜெனிபரிடம் சொன்னது யார்? நான்தான்.

அடச்சீ என்றிருந்தது. படிப்புக்கு மார்க், வரிசைக்கு மார்க், பணிவுக்கு மார்க். வந்த காரியத்துக்கு மட்டும் மார்க் இல்லை. இந்த லட்சணத்தில் முப்பது வருஷ அனுபவம் வேறு!

அப்புறம்தான் அவர் தன் கதையைச் சொன்னார். மகள் சுகன்யாவுக்கு நர்சிங் டிப்ளமோவில் இடம் கிடைத்திருக்கிறது. பழங்குடியினர் சான்றிதழைக் கல்லூரியில் கொடுத்தால்தான் அந்த இடம் நிலைக்கும். மனு போட்டு நாலு மாதமாகிறது. ஆறு முறை மலையிறங்கிப் போய் வந்துவிட்டார். மூன்று வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"ஆறு தடவையும் அவங்க என்ன சொன்னாங்க?"

"அப்பறம் வான்னாங்க. சரின்னு வந்துட்டேன்."

"எப்ப வரணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லையா?"

பூங்காவனம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க பக்கம் ஒரு தபா சொன்னா சொன்னதுதான் டீச்சர். மறுபடி கேட்டா, உன் பேச்ச நான் நம்பலன்னு அர்த்தம் ஆயிடும். ஒருத்தரு மூஞ்சிக்கு நேரா அப்பிடி கேக்கலாமா?"

மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். விதைச் சாமை கேட்டுப் போனாலும் சரி, பெண் கேட்டுப் போனாலும் சரி, "பாக்கலாம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் திரும்பி வந்துவிட வேண்டும். சொன்னவர் தானே வந்து பதில் சொல்வாராம். நல்ல வழக்கம்தான். ஆனால் 'பாக்கலாம்' என்றால் மலையில் ஒரு அர்த்தம், கீழே வேறு அர்த்தம் என்று அவர்களுக்கு யார் சொன்னது? நாங்கள் செய்த கேம்கூடச் சொல்லவில்லையே... கைதட்டி அல்லவா அனுப்பியது!

அன்று மாலையே கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஜெனிபருக்குப் போன் போட்டேன். பணிவு மார்க்கைத் தூக்கு என்றேன்.

"அப்ப திமிரா பேசறவங்களுக்கு மார்க் போடணுமா மிஸ்?"

"மார்க்கே வேணாம். கதவைப் பூட்டு."

"இன்னா மிஸ் சொல்றீங்க?"

"கையில சர்டிபிகேட், இல்லைன்னா தேதி போட்டு எழுதின ஒரு சீட்டு. ரெண்டுல ஒண்ணு இல்லாம ஆபீஸ் கதவு தொறக்கக் கூடாது. அவ்வளவுதான்."

சண்டை போட்டாள். பயந்து விளையாட்டை விட்டுவிடுவார்கள் என்றாள். ஆனாலும் ராத்திரி பகல் பார்க்காமல் மாற்றிக் கொடுத்தாள். தங்கமான பெண்.

அடுத்த வாரம் ஆறு பேரும் அந்த டேப்லெட் ஆபீசுக்குள் மாட்டிக்கொண்டார்கள். "சரிங்க ஐயா" என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள், கதவு அசையவில்லை. ஒருவர் கோபத்தில் டேப்லெட்டைக் கவிழ்த்தே வைத்துவிட்டார். பூங்காவனம் மட்டும் விடவில்லை. பதினோரு முறை தோற்றார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பன்னிரண்டாவது முறையும் உட்கார்ந்தார். பிறகு நிமிர்ந்து, "இதுல இருக்கற நாலு பதிலும் நான் பேசற பேச்சு இல்ல டீச்சர்" என்றார்.

உண்மைதான். ஒன்று கெஞ்சல், ஒன்று அதட்டல், ஒன்று வக்கீல் நோட்டீஸ், நாலாவது அந்தப் பாழாய்ப்போன சரிங்க.

"நீங்கன்னா எப்படிக் கேப்பீங்க?"

யோசித்தார். "உங்க பேச்ச நம்பாம கேக்கலிங்க. நான் மறந்துபூடுவேன்னு கேக்கறேன். தேதிய எழுதிக் குடுங்க."

எதிராளியின் மானமும் போகவில்லை, தன் காரியமும் நடக்கிறது. அதை அப்படியே ஜெனிபருக்கு அனுப்பி, ஐந்தாவது பதிலாகச் சேர்க்கச் சொன்னேன். பரீட்சை எழுத வந்தவர் கேள்வித்தாளைத் திருத்திக் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

போன திங்கட்கிழமை நிஜப் பரீட்சை. எந்த ஊர் அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவர்களும் மனிதர்கள்தான். நான் கூடப் போனேன், ஆனால் உள்ளே போகவில்லை. டீச்சர் பக்கத்தில் நின்றால் அது பரீட்சையா? எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன்.

பார்த்தால், வாசல் முழுக்கக் கூட்டம். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். இந்த மாதங்களில் எங்கள் மாவட்டத்தில் அதுதானே பேச்சு. கொடி, கோஷம், கையில் மனு, பேரிகேடு, போலீஸ். அந்த நெரிசலுக்குள் டிபன் பாக்ஸ் இருந்த மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பூங்காவனம் நுழைந்து போனார். ஒதுக்கீடு கேட்பவர்களுக்கு ஒரு போராட்டம். சட்டத்தில் எப்போதோ கொடுத்துவிட்ட ஒதுக்கீட்டைக் கையில் வாங்க இந்த அம்மாவுக்கு இன்னொரு போராட்டம். அதற்குக் கொடியும் இல்லை, மைக்கும் இல்லை.

ஒரு மணி நேரமாயிற்று. இரண்டு டீ குடித்தேன். போய் எட்டிப் பார்க்கலாமா என்று கால் பரபரத்தது. நான்கு நாளில் கெடு முடிகிறது. கதவு பூட்டச் சொன்னவள் நான், கடைசியில் அந்தப் பெண்ணின் படிப்பு போய்விட்டால் எந்த முகத்தோடு மலையேறுவது? மூன்றாவது டீயும் சொன்னேன்.

வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"போராட்டம்மா, எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிட்டாங்க, அப்பறமா வான்னாரு கிளார்க்கு. நம்ம பேச்ச பேசினேன். மேலயும் கீழயும் பாத்தாரு. நாளன்னிக்கு வான்னாரு. அதையே எழுதுங்கன்னேன்."

"எழுதினாரா?"

மஞ்சப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தார். 'புதன் காலை 11' என்று இருந்தது. கீழே கிறுக்கலாக ஒரு கையெழுத்து.

புதன்கிழமை அந்தத் தாளை மேஜைமேல் வைத்ததும், தன் கையெழுத்தைத் தானே பார்த்துவிட்டு அந்த கிளார்க் எழுந்து போய் ஃபைலைத் தேடினாராம். "ஒக்காருங்கம்மா" என்றாராம். மாலை நாலு மணிக்கு சான்றிதழ் கையில். வியாழக்கிழமை சுகன்யா கல்லூரியில் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை, அம்மாவின் பிள்ளை.

சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். டேப்லெட் கொடுத்த நிறுவனம் பூங்காவனத்தின் மார்க்கை ரிப்போர்ட்டில் நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தது. நெட்வொர்க் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று, 'மார்க் இல்லை. சான்றிதழ் வாங்கிவிட்டார்' என்று அனுப்பினேன். புரிந்தால் புரியட்டும்.

கிளம்பும்போது பூங்காவனம் குறுக்கே வந்து நின்றார்.

"டீச்சர், இந்த டேப்லெட்ல ஒண்ண இங்கியே வுட்டுட்டு போங்களேன். பக்கத்து ஊர்ல ஒம்பது பேரு சர்டிபிகேட்டு இல்லாம இருக்காங்க. நான் சொல்லிக் குடுத்துக்கறேன்."

நிறுவனத்தைக் கேட்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டது. "பாக்கலாம் பூங்காவனம்" என்றேன்.

அவர் நகரவில்லை. மஞ்சப்பையிலிருந்து ஒரு நோட்டும் பேனாவும் வெளியே வந்தன.

"உங்க பேச்ச நம்பாம கேக்கலிங்க..."

தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன். வேறு வழி? கதவு திறக்க வேண்டுமே!