பெரிய பம்ப் இழுத்த கை

என் கணவர் முல்லைத்தீவில் படகு எஞ்சின் திருத்துபவர். விடுதிக்காரர் ஒருவர், கடலில் நின்றபடி ஓட்டும் தன் ஜெட் ஸ்கீக்கு வேகம் போதாதென்று, நீரை இழுத்துப் பின்னால் பீய்ச்சும் பம்பைப் பெரிதாகப் பூட்டச் சொன்னார். அடியில் நீர் இழுக்கும் வாயை மறைக்கும் பழைய கம்பித்தட்டு, புதிய பம்புக்குப் பொருந்தவில்லை.

"தட்டில்லாமல் ஓட்டாதேங்கோப்பா," என்றேன்.

"ஒருக்கால் ஓட்டிப் பாத்திட்டுப் புதுத் தட்டு செய்து பூட்டுறன்," என்றார்.

கரையோரத் தண்ணீரில் பம்புக்குள் பாசி சிக்கியது. எஞ்சினை நிறுத்தாமலே கையை விட்டார்; உள்ளே சுழலும் விசிறி கையை இழுத்தது. அலறல் கேட்டு, கரையில் நின்ற நான் ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினேன். வலக்கையில் மூன்று விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

இன்றும் ஆட்கள் முன் அவர் சாப்பிடுவதில்லை. இப்போது அவர் சொல்லச் சொல்ல நான்தான் வேலை செய்கிறேன். எஞ்சின் சாவியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டாமல் எந்தப் பம்புக்குள்ளும் கை விடுவதில்லை.