கண்ணாடி போடாதவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் எனக்குப் பிரமை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருஷம் நின்றவள் நான். "கடைசி வரி தெரியுதா, தெரியலையா?" என்று ஊரையே கேட்டவள். தெரிவதைத் தெரிகிறது என்றும் தெரியாததைத் தெரியவில்லை என்றும் சொல்வதுதான் என் பிழைப்பு. இதையும் அப்படியே சொல்கிறேன்.

கொரோனா வந்த முதல் குளிர்காலம் அது. மூன்றாவது மாடி வீட்டில் நானும் என் கணவரும் மட்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்து மூன்றாவது வருஷம். முதலில் சாவியை மறந்தார். பிறகு வழியை மறந்தார். பிறகு மகளின் பெயரை. கடைசியில் என் முறை வந்தது.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் பெண் வந்துகொண்டிருந்தாள். ஊரடங்கு போட்டதும் நின்றுவிட்டாள். மகள் விமானம் ஏறி வரவேண்டிய தூரத்தில் இருந்தாள். விமானமே இல்லை. அவர் வெளியே இறங்கிப் போய்விடக்கூடாது என்று வாசல் கதவைப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டேன். குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை.

குளிப்பாட்டப் போனால் என் கையைத் தட்டிவிடுவார். "பொம்பளை முன்னாடி எப்படிம்மா சட்டையைக் கழட்டுறது? எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்பார். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

பொழுது சாய்ந்தால் இன்னும் மோசம். இந்தக் குளிர் நாட்டில் அந்த மாதங்களில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டியதும் எழுந்து நடக்க ஆரம்பிப்பார். ஹாலுக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் ஹாலுக்கும்.

"வீட்டுக்குப் போகணும்."

"இதுதாங்க வீடு."

"இது இல்ல. அங்க என் பொண்டாட்டி காத்துட்டிருப்பா."

அப்படி ஒரு மாலை. நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நடக்கும் சத்தம் திடீரென்று நின்றது. விழுந்துவிட்டாரோ என்று கத்தியைக் கீழே வைத்தேன். அப்போதுதான் கேட்டது... சிரிப்பு. அவருடைய சிரிப்பு. ஒரு வருஷமாக அது என் காதில் விழுந்ததில்லை.

ஹாலில் விளக்கு போடவில்லை. அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே இன்னொரு நாற்காலி, முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதில் யாரும் இல்லை.

"யார்கிட்டங்க பேசுறீங்க?"

"என் பொண்டாட்டிகிட்ட."

"நான்தாங்க உங்க பொண்டாட்டி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காலி நாற்காலியின் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"பாத்தியா, நான் சொல்லல?"

அந்த நாற்காலி மெத்தையில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. ஹீட்டர் சூடு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஹீட்டர் இருந்தது அடுத்த மூலையில்.

டாக்டரிடம் போனில் கேட்டேன். "இந்த நோய்ல இது சகஜம்மா. கூட இருக்கிற மனைவியையே வேற யாரோன்னு நினைப்பாங்க. நிஜ மனைவி வேற எங்கயோ இருக்கான்னு சொல்வாங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். மனசு என்ன அலமாரியா, வேண்டாததை எடுத்து வெளியே வைக்க?

மறுவாரம் அவர் கை நகங்கள் வெட்டப்பட்டிருந்தன. பிறை மாதிரி, ஒழுங்காக. என்னிடம் விரலை நீட்டவே மாட்டார். நகவெட்டி என் பீரோவுக்குள், பூட்டிய அறையில்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பயத்தைவிட முன்னால் வந்தது பொறாமை. மூத்திரத் துணி அலசுவது நான். அடி வாங்குவது நான். சிரிப்பு மட்டும் அவளுக்கா? அன்று மாலை அந்தக் காலி நாற்காலியை மடக்கி பால்கனியில் போட்டேன். காலையில் அது திரும்ப ஹாலில் இருந்தது.

அதற்கப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது.

முதலில் தொண்டை. பிறகு வாசனை போய்விட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், "மூச்சு விட முடியுதா? முடியுதுன்னா வீட்டுலயே இருங்க" என்றார்கள். அவருக்குத் தொற்றிவிடக்கூடாதே என்று, ரொட்டியும் பாலும் அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். போனையும் ஹால் மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு மணி நேரம் படுத்துவிட்டு எழுந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

எழ முடியவில்லை. எப்போது பகல், எப்போது இருட்டு என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் கூரை சுற்றியது. அவர் பட்டினி கிடப்பாரே, கீழே விழுந்து கிடப்பாரே என்று மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது. கூப்பிட்டுப் பார்த்தேன். குரல் வெளியே வரவில்லை.

அப்போது சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

தண்ணீர் ஓடியது. நின்றது.

டிக்... டிக்... டிக்... அடுப்பு பற்றவைக்கும் சத்தம். காஸை நான் அடைத்திருந்தேன். அவருக்கு அதைத் திறக்கத் தெரியாது.

செருப்பு தேயும் ஓசை. சமையலறையிலிருந்து ஹாலுக்கு. இடது காலை லேசாக இழுத்து... நான் நடக்கிற நடை. என் செருப்பு என் கட்டிலுக்குக் கீழே இருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

கிண்ணத்தில் ஸ்பூன் தட்டியது.

"இன்னும் ஒரு வாய்... ஒரே ஒரு வாய்... அவ்வளவுதான், என் ராஜா..."

என் குரல்.

இப்போதைய குரல் அல்ல. கத்திக் கத்திக் கரகரத்துப் போவதற்கு முன்னால், அந்த மனிதர்மேல் எனக்கு அலுப்பு வருவதற்கு முன்னால் இருந்த குரல்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தரையில் தவழ்ந்தேன். மூக்கில் கண்ணாடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். இருந்தது. கதவின் அடி இடுக்கில் ஹால் வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தை இரண்டு பாதங்கள் மறைத்தன.

கைப்பிடியைப் பிடித்தேன்.

அந்தப் பக்கமும் யாரோ பிடித்திருந்தார்கள்.

"வெளிய வராதே..."

கதவை ஒட்டி, என் காதுக்கு நேராக.

"உன்னைப் பாத்தா அவர் பயப்படுறார்."

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. ஜன்னலில் நல்ல வெயில். கதவைத் திறந்துகொண்டு சுவரைப் பிடித்தபடி ஹாலுக்குப் போனேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்திருந்தது. துவைத்த சட்டை, பொத்தான்கள் வரிசை மாறாமல் போட்டிருந்தன. தலை வாரியிருந்தது. சமையலறை துடைத்து வைத்த மாதிரி. வாசல் கதவு பூட்டியபடியே இருந்தது. சாவி என் கழுத்தில்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"அவ எங்க? நீங்க ஏன் வந்தீங்க?"

செத்துப் பிழைத்து வந்தவளுக்குக் கிடைத்த வரவேற்பு.

மகளுக்குப் போன் செய்தேன். என் குரல் கேட்டதும் அவள் பதறவே இல்லை. "என்னம்மா, குரல் இப்படி இருக்கு? நேத்துகூட நல்லா பேசினியே" என்றாள்.

"நேத்து பேசினேனா?"

"தினமும் பேசினியேம்மா. அப்பா சாப்பிட்டாச்சு, அப்பா தூங்கியாச்சுன்னு சொன்னியே."

எல்லாவற்றையும் சொன்னேன். "காய்ச்சல் வேகத்துல நீயே எழுந்து எல்லாம் செஞ்சிருக்கேம்மா. உனக்கு ஞாபகம் இல்ல, அவ்வளவுதான்" என்றாள். அதை நம்ப எனக்கும் ஆசையாக இருந்தது. இந்த வீட்டில் மறப்பதற்கு இன்னொரு ஆள், அவ்வளவுதானே?

சாயங்காலம் எதிர்க் கட்டடத்திலிருந்து போன். அந்த அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் சிசிடிவி. தெருவில் பூனை குறுக்கே போனாலும் எந்தப் பக்கம் போனது என்று சொல்லுவாள். ஊரடங்கில் அவளுக்கு வேறு வேலையும் இல்லை. எங்கள் ஹால், படுக்கையறை இரண்டு ஜன்னலும் அவள் வீட்டுக்கு நேர் எதிர்.

"அக்கா, உடம்பு சரியில்லாம இருந்தாங்களே, அவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"யாருக்கு?"

"பெட்ரூம்ல படுத்திருந்தாங்களே, கண்ணாடி போட்டவங்க. உங்க அக்காதானே? ரெண்டு பேரும் ஒரே அச்சு. நீங்க ஹால்ல சாருக்கு ஊட்டுறதும், அவங்க அங்க முனகிட்டுக் கிடக்கறதும்... பாவமா இருந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும்க்கா. கண்ணாடி இல்லாம நீங்க ரொம்ப நல்லா இருக்கீங்க."

எனக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. எட்டு வயதிலிருந்து கண்ணாடி இல்லாமல் எனக்கு ஸ்பூன் எது, விரல் எது என்று தெரியாது.

இரண்டு ஜன்னல் திரையையும் இழுத்து மூடினேன்.

அந்த வாரமே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இந்தத் தடவை ஆம்புலன்ஸ் வந்தது. தலை முதல் கால் வரை மூடிய இரண்டு பேர் அவரை நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். லிஃப்டுக்குள் ஏறியதும் அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக் கையை நீட்டினார். "நீயும் வா" என்றார். நான் காலை எடுத்து வைத்தேன். "நீங்க இல்லம்மா" என்றார்.

லிஃப்ட் கதவு மூடியது.

ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடவில்லை. வாசலில் நின்ற காவலாளியிடம் கெஞ்சினேன், சண்டை போட்டேன். "என் சொந்த அம்மாவையே நான் பாக்க முடியலம்மா" என்றான் அவன். திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் போன் வந்தது. முடிந்துவிட்டது என்றார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. மூடிய பையாகவே கொண்டுபோய் எரித்தார்கள்.

பனி விட்ட பிறகு, அவருடைய பொருட்களை வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டார்கள். செருப்பு, பல்செட், ஒரு ஸ்வெட்டர். அந்த வார்டில் இருந்த நர்ஸ் தானே கீழே இறங்கி வந்து பையை என் கையில் கொடுத்தாள். சின்னப் பெண். கண்களுக்குக் கீழே கருவளையம். என்னை உற்றுப் பார்த்தாள்.

"கண்ணாடி போட்டிருக்கீங்களா! அதான் சட்டுனு அடையாளம் தெரியலம்மா."

மூக்கிலிருந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"உங்களை உள்ள விட்டது யாருன்னு எங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியல. நாங்க எல்லாம் மூடிக்கிட்டு நிக்கிறோம், நீங்க மாஸ்க்கூட இல்லாம தினமும் சாயங்காலம் வந்து உக்காந்துடுவீங்க. முதல்ல திட்டலாம்னு வந்தேன். அவர் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சிட்டே இருந்தார். எப்படித் திட்டுறது? அத்தனை பேர் தனியா போனாங்க அந்த வார்டுல. அவர் ஒருத்தர்தான்மா பயமில்லாம போனார்."

பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு அவர் கண்ணை மூடினப்புறம், 'இனிமே என்னம்மா பண்ணப்போறீங்க?'ன்னு கேட்டேன். நீங்க சொன்னது இன்னும் என் மனசுலயே நிக்குது."

"என்ன சொன்னேன்?"

"'வீட்டுல ஒருத்தி தனியா இருக்கா. இனிமே அவளைப் பாத்துக்கணும்'னு சொன்னீங்க."