கிரீஸ் கேட்ட அம்மன்

களக்காட்டுப் பக்கம், பாதியில் கைவிட்ட கால்வாயின் கரையில் மண் தோண்டும் பழைய எந்திரம் ஒன்று நின்றது. மெக்கானிக் இசக்கிதுரைக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். இன்றைய பொக்லைனைப் போல எண்ணெயின் அழுத்தத்தில் ஓடுவதல்ல அது. கம்பி வடம், கப்பி, உருளை. எது எதை இழுக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். "ஒளிவு மறைவு இல்லாத சாதனம்வே" என்பார். தேக்குப் பிடி போட்ட லீவர்கள்கூடப் பிறந்தபடியே இருந்தன. அடிக்கடி போய் கிரீஸ் போட்டு வருவார்.

காயலான் கடைக்காரர்கள் அதை வெட்ட வருவதாகக் கேள்விப்பட்டதும், கடவுள் இல்லை என்று ஊரெல்லாம் வாதாடித் திரிந்த அந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். மண் அள்ளும் பக்கெட்டில் மஞ்சளை அப்பி, குங்குமம் வைத்து, சிவப்புச் சேலையைச் சுற்றிவிட்டார். வெட்ட வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வினை பிறகுதான் வந்தது. செல்வமணி என்றொரு பூசாரி முளைத்தார். குடம் குடமாகப் பாலை ஊற்றியதில் உருளை துருப்பிடித்தது. கிரீஸ் டப்பாவோடு போன இசக்கிதுரைக்கு, எந்திரத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றைப் பூசாரி காட்டினார்.

"ஒங்க தெருக்காரன் இதத் தாண்டப்பிடாது. தீட்டு."

"சாமியாக்குனதே நாந்தாம்வே."

"தெய்வகுத்தம் பேசாதலே."

இரும்புக்குத் துருவை விட்டால் வேறென்ன தீட்டு?

வீட்டில் மனைவி முத்துராணி சிரித்து ஓய்ந்தாள். "நீங்களே அருள் வந்து ஆடிருங்களேன்."

"செத்தாலும் மாட்டேன்."

"அப்பம் நான் ஆடுதேன்."

செவ்வாய்க்கிழமை பால்குடம் தூக்கிய நேரம், கயிற்றுக்கு வெளியே முத்துராணி தலையை விரித்துப்போட்டு ஆடினாள்.

"பாலு வேண்டாம்லே, மேலெல்லாம் அரிக்கி. கிரீஸ் கொண்டா!"

அவள் யார் என்று செல்வமணிக்குத் தெரியும். ஆனால் பெண்கள் குலவையிட்டுவிட்டார்கள். இவள் அருளைப் பொய் என்றால், வாராவாரம் தனக்கு வருகிற அருளை யார் நம்புவார்கள்? கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "யாரு பூசணும் தாயி?"

அவள் விரல் கூட்டத்தின் கடைசிக்கு நீண்டது. "கயித்த அறுத்துட்டு அவனக் கூப்பிடு."

கயிற்றைச் செல்வமணியே அறுத்தார். இசக்கிதுரை ஏறி, பாலைத் துடைத்து, உருளையில் கிரீஸை வழித்துப் பூசினார். அவர் இறங்கியதும், ஆடிக்கொண்டே அருகில் வந்த அம்மன் காதில் சொன்னாள்:

"அடுத்து நம்ம வீட்டு மிக்ஸி. மறந்தா திரும்ப வருவேன், பாத்துக்கிடுங்க."