ஸ்டாம்ப் அக்காவின் பன்னிரண்டு மணி நேரம்

சமூகப்பணி முதுகலைத் துறையின் கவுன்ட்டரில் இருபத்திரண்டு வருடங்களாக உட்கார்ந்திருந்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஸ்டாம்ப் அக்கா. அவரிடம் இரண்டு ரப்பர் ஸ்டாம்புகள் உண்டு. ஒன்று ‘பெறப்பட்டது’, இன்னொன்று ‘குறை’. இரண்டாவதன் கைப்பிடி மட்டும் வார்னிஷ் போய் வழவழத்துக் கிடக்கும். பிறர் துயர் துடைப்பது எப்படி என்று மாடியில் பாடம் நடக்கும்போது, அதைப் படிக்க வந்தவர்களின் துயரைக் கீழே ஒருவர் பெருக்கிக்கொண்டிருக்கிறார் என்பது பொதுவான அபிப்பிராயம்.

பொதுவான அபிப்பிராயங்களைப் போலவே இதுவும் பாதி சரி. ‘குறை’ விழுந்த ஒவ்வொரு படிவத்தின் முதுகிலும் அக்கா ஒரு துண்டுச் சீட்டைக் குத்தி அனுப்புவார். “குறை: மருத்துவச் சான்றில் தேதி இல்லை. வழி: அதே டாக்டர், ஒன்பதுக்குள் போனால் கூட்டம் இருக்காது.” “குறை: இரண்டாம் தாளில் தோல்வி. வழி: மறுதேர்வு மனு, பன்னிரண்டாம் தேதிக்குள். அதற்கு முன் ஏதாவது சாப்பிடவும்.” சிரித்துப் பேசி எதுவும் செய்யாதவர்கள் நிறைந்த கட்டிடத்தில், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு எல்லாம் செய்தவர் அவர்.

கவுன்ட்டருக்கு அடுத்த அறையின் கதவில் ‘மாணவர் உதவி மையம்’ என்று பலகை தொங்கியது. உள்ளே ஓடாத நகல் இயந்திரம் ஒன்றும், மூன்று கால் நாற்காலி ஒன்றும் உதவியில்லாமல் இருந்தன. ஆலோசகர் பதவி பல வருடங்களாகக் காலி. அழ வேண்டியவர்கள் அக்காவின் ஜன்னலில்தான் வந்து அழுதார்கள்.

“அழுது முடிச்சிட்டு எழுதுங்கம்மா. மை கரையும்” என்பார்.

அந்த அறையில் தான் உட்கார வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. அதற்குச் சமூகப்பணியில் பட்டம் வேண்டும். முன் அனுபவம் எத்தனை வருடமானாலும் கணக்கில் வராது. அந்த விதியைத் தட்டச்சு செய்ததே அவர்தான். ஆகவே நாற்பத்தாறாவது வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தார். தன் விண்ணப்பத்தைத் தானே வாங்கி, புகைப்பட அளவு தவறென்று ‘குறை’ அடித்து, ஸ்டுடியோவுக்குப் போய்த் திரும்பி வந்தார்.

“இத்தனை வருஷமா அளவெடுத்தவ, இப்பத்தான் சட்டையைப் போட்டுப் பார்க்கிறா” என்றார் தையல்காரரான கணவர்.

மூன்று வருடம் ஓடியது. கடைசிப் பருவத்தில், சேர்த்து வைத்த விடுப்பில், அரசு மருத்துவமனை உதவி மேசையில் நானூறு மணி நேரக் களப்பணி. தினமும் அன்றைக்கே மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் அந்த நாள் நடக்காத நாள். பருவம் முடிந்ததும் எல்லாருடைய வருகைத் தாள்களையும் கூட்டிய அக்கா, தன்னுடையதையும் கூட்டினார். முந்நூற்று எண்பத்தெட்டு. மறுபடி கூட்டினார். எண் மசியவில்லை. இரண்டு நாட்களுக்குக் கையெழுத்து இல்லை.

காரணம் ஒரு வாட்ச்மேன் தாத்தா. காது கேளாமைச் சான்று வாங்க வேண்டியவர். சான்று அலுவலகத்தில் பெயரைக் கூப்பிட்டால் காதில் விழாது. காது கேட்காது என்று எழுதிக் கொடுக்க வேண்டிய அலுவலகம், கூப்பிட்டபோது வரவில்லை என்று அவரை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. அக்கா இரண்டு நாள் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து சான்றை வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாளும் திரும்பி வந்தபோது மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் வேலை மறுநாள் வந்தது. கையெழுத்து மறந்தே போனது.

அக்கா தன் தாளில் ‘குறை’ ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினார்.

“நீங்களே உங்களுக்கு அடிச்சிக்கிட்டா எப்படிக்கா?” என்று பதறினார் துறைத்தலைவர். “அந்த மேற்பார்வையாளர் மேடம் இப்பவே கையெழுத்துப் போடறேங்கறாங்க. விடுங்களேன்.”

“பின்தேதிக் கையெழுத்து செல்லாது சார். போன வருஷம் ஒம்பது பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்.”

“ஆலோசகர் நேர்காணல் அடுத்த மாசம். பட்டம் இல்லன்னா அந்த அறையை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க.”

“தெரியும் சார்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

‘குறை’ விழுந்து ஆறு நாள் போனது. ஏழாம் நாள் அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், அடுத்த வருடம் களப்பணியை முதலிலிருந்து தொடங்கப் படிவம் கேட்டார். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அவரைத் தேடி அங்கே வந்து நின்றார் மாலை வகுப்புத் தோழரான பஸ் கண்டக்டர். சட்டைப் பையிலிருந்து பயணச்சீட்டுகளுக்கு நடுவே கசங்கிய ஒரு துண்டுச் சீட்டை உருவினார்.

“இது யார் கையெழுத்துன்னு பாருங்க.”

போன வருடம் அக்கா அவருக்கே எழுதியது. “குறை: கையெழுத்து இல்லை. வழி: அன்று வேறு அலுவலகத்தில் பணியில் இருந்ததற்கு அவர்கள் பதிவேடு இருந்தால், நகலோடு ஏழு நாளுக்குள் மனு.”

அக்கா சீட்டைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

“இது எனக்கு ஏன் தோணலை?”

“எங்க படிவத்துக்குத்தானே பின்பக்கம் பார்ப்பீங்க? உங்களுதுக்கு முன்பக்கத்தோட சரி. இன்னிக்கு ஏழாம் நாள்க்கா, கிளம்புங்க!”

சான்று அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டில் இரண்டு நாளும் இருந்தன: வந்த நேரம், போன நேரம், கொட்டை எழுத்தில் வாட்ச்மேன் தாத்தாவின் பெயர், பக்கத்தில் ‘உடன் வந்தவர்’ என்று அக்காவின் கையெழுத்து. அங்கிருந்த குமாஸ்தா நகல் கொடுக்க அரை மணி நேரம் யோசித்தார். அக்கா கோபப்படவில்லை. ஒரு கலைஞரை இன்னொரு கலைஞர் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைக்கு வந்து சேர்ந்தபோது மூணு ஐம்பத்திரண்டு. நாலு மணிக்குக் கவுன்ட்டர் ஷட்டர் இறங்கும். அதுவும் அக்கா போட்ட விதிதான். ஜன்னலுக்குப் பின்னால், எந்த ஸ்டாம்ப் எது என்று தெரியாமல் துறைத்தலைவர் வியர்த்துக்கொண்டிருந்தார். முன்னால் பதினோரு பேர்.

“முன்னாடி போங்கக்கா!”

“வரிசைன்னா வரிசைதான்.” பன்னிரண்டாவதாகப் போய் நின்றார்.

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். “வரிசையை விட்டு வெளிய போக மனு எதுவும் குடுக்கணுமா?”

“வேண்டாம்” என்றார் அக்கா, விதி தவறாமல்.

பதினோரு பேரும் வெளியேறி, சுற்றி வந்து, அவருக்குப் பின்னால் நின்றார்கள். அக்காவுக்கு எதிர்க்க ஒரு விதியும் அகப்படவில்லை.

தலைவர் மனுவைப் புரட்டினார். நகல் சரி. தேதி சரி. பிறகு அவர் முகம் மாறியது.

“அக்கா... இதுல உங்க கையெழுத்தே இல்லையே!”

வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்துவிட்டார்கள். அடுத்து சிரித்தது அக்கா. இருபத்திரண்டு வருடச் சிரிப்பு. கண்ணில் நீர் வந்து, ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“அழுது முடிச்சிட்டு எழுதுங்கக்கா, மை கரையும்!” என்றது பின்வரிசை.

தலைவர் நிதானமாக ஒரு துண்டுச் சீட்டை எடுத்து எழுதி நீட்டினார். “குறை: மனுதாரர் கையெழுத்து. வழி: இந்தாங்க பேனா.”

போட்டார். ‘பெறப்பட்டது’ டமாரென்று விழுந்தது. கைதட்டல் கேட்டு மாடியிலிருந்து பேராசிரியர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா ரசீதை உற்றுப் பார்த்தார்.

“சார், ஸ்டாம்புல நேத்து தேதி இருக்கு.”

“நல்லதுதானே? ஒரு நாள் முன்னாடியே குடுத்த மாதிரி.”

“நேத்து நான் குடுக்கலையே. சக்கரத்தைத் திருப்புங்க.”

தலைவருக்கு எந்தச் சக்கரம் என்று தெரியவில்லை. அக்கா வெளியிலிருந்தே ஜன்னலுக்குள் கையை விட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி டமார். அப்போது மணி நாலு மூணு. மீதிப் பதினோரு பேரும் கையில் படிவத்தோடு நின்றார்கள். ஷட்டரை இறக்கும்படி அக்காவும் சொல்லவில்லை.

மனு ஏற்கப்பட்டது, பட்டம் வந்தது, நேர்காணலும் முடிந்து அடுத்த மாதம் அந்த அறை அக்காவுக்குத் திறந்தது. மூன்று கால் நாற்காலிக்கு நாலாவது கால் வந்தது. கதவில் நேரம் எழுதியிருக்கிறது: கவுன்ட்டர் மூடும் மாலை நாலு முதல். மேசையில் ஸ்டாம்ப் கிடையாது, துண்டுச் சீட்டுக் கட்டு மட்டும். ஜன்னலுக்குக் கணவர் தைத்துக் கொடுத்த திரைச்சீலை இரண்டு அங்குலம் குட்டை. அன்று மாலையே சீட்டுக் குத்தி அது வீட்டுக்குத் திரும்பி வந்தது.

“குறை: இரண்டு அங்குலம். வழி: கீழ் மடிப்பை அவிழ்க்கவும். மற்றபடி அழகு.”