ஜோர்ஜியாக்காரியும் இலோகானோக்காரியும் அனுப்பிய குரல்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பொய்யான ‘சரி’ போட்டேன். நீல மையில், அழகாக. அதைச் சொல்லாமல் இந்த வாரம் வேறு எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நான் பிறந்த தோட்டம்தான்; இப்போது ஹட்டன் டவுனில் இருக்கிறேன். மூன்று நாள் விடாத மழை. மேல் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, எல்லோரும் உடனே பள்ளிக்கூடத்துக்கு இறங்குங்கள் என்று காலையிலேயே அறிவித்துவிட்டார்கள். பாணும் பருப்பும் எடுத்துக்கொண்டு போன என் கையில், “ஒங்க எழுத்துதான் நல்லா இருக்கும்” என்று பெயர்ப் பட்டியலைத் திணித்தார்கள். மண்டபத்தில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன்.

“யோகராஜா!”

“இருக்காரு!” — ஒரு பெண்குரல். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சரி போட்டேன்.

இராணுவ அதிகாரி வந்து சிங்களத்தில் கேட்டார், எல்லோரும் இருக்கிறார்களா என்று. “ஒக்கொம இன்னவா” என்றேன். எல்லோரும் இருக்கிறார்களாம்! அவர் தம் ஆட்களோடு அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

யோகராஜா அங்கே இல்லை. கட்டிக் கிடந்த மாட்டை அவிழ்த்துவிட மேல் லயத்துக்குத் திரும்பிப் போயிருந்தார். எனக்கு அது தெரியாது. குரல் கொடுத்த அவர் மனைவி ஸ்டெல்லாவுக்குத் தெரியும்.

ஏன் அப்படிச் சொன்னாள்? பெரட்டுக்களத்தில் நின்றவர்களுக்குப் புரியும். காலையில் வேலைக்கு முன் பெயர் கூப்பிடும்போது ஆள் வரப் பிந்தினால், பக்கத்தில் நிற்பவர் “இருக்காரு” என்பார். இல்லையென்றால் அன்று அவருக்கு வேலை இல்லை. எங்கள் அப்பாவுக்காக அடுத்த வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வீட்டாருக்காக அப்பா சொல்லியிருக்கிறார். அவர் பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்றுதான் ஸ்டெல்லாவும் நினைத்தாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பட்டியலை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தேன். ஸ்டெல்லா ஜன்னலோரம் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். போனில் வந்திருந்த குரல்செய்திகளின் மொழி நான் கேட்டறியாதது. எனக்கோ மொழி என்றால் பைத்தியம்... விடுவேனா?

“என்னம்மா பாஷை இது?”

“ரெண்டு பாஷை அண்ணே. மொதல்ல பேசுனது நீனோ, ஜோர்ஜியாக்காரி. மத்தது மரிட்டெஸ், பிலிப்பைன்ஸ். அவங்க ஊர்ல இலோகானோ பேசுவாங்க.”

சைப்ரஸில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனபோது மூவரும் நாலு வருடம் ஒரே அறையில் இருந்தார்களாம். அரைகுறை இங்கிலீஷில் பேசிக்கொள்வார்களாம். மனசு கலங்கினால் மட்டும் அவரவர் மொழி வந்துவிடுமாம். இன்றைக்கு ஏன் எல்லோருக்கும் மனசு கலங்கியிருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. “ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டேன்.

அவள் கண் ஜன்னலை விட்டு நகரவில்லை. “நீனோ பேசுனா தொண்டைக்குள்ள எதையோ ஒடைக்கிற மாதிரி இருக்கும். நாலஞ்சு எழுத்து ஒண்ணாச் சிக்கிக்கிட்டு வரும். மரிட்டெஸ் அப்புடி இல்ல. பாதி வார்த்தைய ரெண்டு தடவ சொல்லும்... லேசா இருக்கும்.”

“எழுத்து?”

“நீனோவுக்குத் தனி எழுத்து. நம்ம எழுத்து மாதிரி வளைஞ்சு வளைஞ்சு. மத்தவ இங்கிலீஷ் எழுத்துலதான் எழுதுவா.”

மலைப் பக்கம் ‘தொம்’மென்று ஒரு சத்தம்.  ஸ்டெல்லா ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பயந்த சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எந்த மொழி கஷ்டம் என்று அடுத்ததைக் கேட்டேன். 

போனில் மறுபடி குரல்செய்திகள் வந்தன. முதலில் நீனோவின் குரல், அழுகையோடு — “ஷெனி சிரிமே, ஷெனி சிரிமே...”

“என்ன சொல்றாங்க?”

“ஒன் கஷ்டம் எனக்கு வரட்டும்னு சொல்றா.”

அடுத்து மரிட்டெஸ். அழவில்லை. கத்தினாள் — “உமாய்கன்! டிகா அக்பட்பட்டி!”

“வந்துரு, அங்கயே நின்னுறாத... அவங்க ஊர்ல ஒரு எடத்த விட்டுக் கெளம்புறப்ப இப்புடிக் கூப்புடுவாங்க. ஆளு வந்தாலும் உசிரு பின்தங்கிறக் கூடாதுன்னு.” ஸ்டெல்லா போனை இறக்கினாள்.  “அவ அங்கருந்து கூப்புடுறா அண்ணே. நான் இங்க இருந்துக்கிட்டு, இருக்காருன்னு சொல்லிப்புட்டேன். மாத்திச் சொல்லப் பயந்துக்கிட்டு நிக்கிறேன்...”

“யாரு?”

“எங்க வீட்டுக்காரு. மாடு அவுக்கப் போனவரு. இன்னும் வரல்ல.”

 பட்டியலில் நான் போட்ட சரி ஒரு மனிதனைத் தேட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது! மழையில் ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. பாதையில் விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டு அதிகாரியின் ஆட்கள் சந்தியிலேயே நின்றார்கள். ஒருவர் இல்லை, பிழை என்னுடையது என்றேன். அவர் திட்டக்கூட நேரம் எடுக்கவில்லை.

மாட்டுக்கொட்டில் சரிந்து கிடந்தது. யோகராஜா இடுப்புவரை சேற்றில், கால்மேல் ஒரு மரத்தூண். மேலே இருந்து மண் இறங்கிக்கொண்டே இருந்ததாம். கையால் தோண்டி எடுத்தார்கள். மாடு? அது கயிற்றை அறுத்துக்கொண்டு முன்பே கீழே போய்விட்டிருந்தது.

இரண்டு மொழிகளையும் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். ஒன்று மலைநாட்டு மொழி, மற்றது தீவு மொழி. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒருத்தி துன்பத்தைத் தன் பக்கம் இழுக்கிறாள். மற்றவள் ஆளைத் தன் பக்கம் கூப்பிடுகிறாள். நாங்கள் என்ன செய்கிறோம்? எண்ணுகிறவன் முன்னால் ஆள் இல்லாததை மறைத்துக் காப்பாற்றுகிறோம். அப்படித்தான் பழகியிருக்கிறோம். அதுவும் அன்புதான். ஆனால் பயமாக இருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் கட்டோடு யோகராஜா தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

“அண்ணே, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? அன்னைக்கு எது கஷ்டமான பாஷைன்னு கேட்டீங்களே... ஒங்கள ஓங்கி ஒரு அறை விடணும்போல இருந்திச்சு.”

விட்டிருக்கலாம். இருபது நிமிடம் முன்னதாகவே தேடப் போயிருப்பார்கள்.